வாசகர் கேள்வி – பதில்: தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் மலைகளில் பழைய தங்கச் சுரங்கப் பாதைகள்

கேள்வி: ஐயா, பழைய சுசூகி டிஆர் 650 பைக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். தங்கை மகனிடமும் அதே பைக் இருக்கிறது. ஜூலை விடுமுறையில் இருவரும் பார்பர்டன் பக்கத்துப் பழைய தங்கச் சுரங்கங்களைப் பார்க்கப் போகிறோம். மலையின் மண்பாதைகளுக்கு எப்படித் தயாராவது? கைவிடப்பட்ட குகைகளுக்குள் நுழையலாமா? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நுழையக் கூடாது. 1884-ல் பார்பர்டனிலும் அடுத்த ஆண்டு அருகிலுள்ள ஷீபாவிலும் தங்கம் கிடைத்த பிறகு, அம்மலைகளை எங்கு பார்த்தாலும் துளைத்துவிட்டார்கள். சுரங்கக் கூரையைத் தாங்கிப் பிடித்த மரங்கள் உளுத்துவிட்டன. உள்ளே பிராணவாயு குறைந்திருப்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது. போதாக்குறைக்கு, 'ஜாமா ஜாமா' எனப்படும் திருட்டுச் சுரங்கக்காரர்கள் இன்றும் அங்கே நடமாடுகிறார்கள். குகை வாசலைவிட எனக்கு அச்சம் தருவது, மேலிருந்து தோண்டிய குழிகள்தாம். இடுப்பளவு புல் மூடியிருப்பதால், பைக்கை நிறுத்திவிட்டு நிழலுக்கு ஒதுங்குபவர் விளிம்பில் நிற்பதையே உணர மாட்டார். அப்பகுதித் தாதுவில் ஆர்சனிக் கலந்திருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது என்பதால், ஓடைத் தண்ணீரைக் குடிக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.

ஷீபாவுக்கு மேலே உள்ள யுரேகா சிட்டி என்ற பழைய சுரங்க ஊரின் இடிபாடுகளைக் காண, ஊரிலேயே விசாரித்து, அனுமதியும் வழிகாட்டியும் பெற்றுச் செல்வதே முறை. மரத்தோட்டப் பாதைகளும் தனியாருடையவை. வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக அவற்றில் போய்விடக் கூடாது. ஜூலை வறண்ட மாதம், சேறு இராது. ஆனால் மரம் ஏற்றிய லாரி எழுப்பும் புழுதியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது முந்த முயலாமல் நின்றுவிடுங்கள்.

டயரில் காற்றைக் குறைத்தால் மண்ணில் பிடிப்புக் கூடும் என்பது உண்மைதான். ஒருமுறை நான் அளவு மீறி 1 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அளவு) இறக்கிவிட்டு, இறக்கத்தில் கூரான கல்லில் மோதினேன். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிய டியூபில், பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். கல் நிறைந்த பாதைக்கு 1.5 பார் போதும். உங்கள் பைக்கில் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். ஆகவே இரண்டு அளவிலும் டியூப் எடுத்துச் செல்லுங்கள். டேங்க் 13 லிட்டர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதல் நாள் பார்பர்டனிலிருந்து புலெம்பு எல்லை வரை செல்லும் தார்ச்சாலையில் போய்ப் பழகுங்கள். வழிநெடுக உள்ள பலகைகள், 300 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறைகளை விளக்குகின்றன. 2018-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. எல்லைக்கு அப்பால் எஸ்வாத்தினியில் இருந்த ஹேவ்லாக் சுரங்கத்திலிருந்து, 20 கிலோமீட்டருக்கும் மேலான கம்பிவடத்தில் தொட்டிகளைத் தொங்கவிட்டு, கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) பார்பர்டனுக்கு இறக்கினார்கள். அங்குள்ள கல்நார்க் குவியல்களின் மேல் பைக் ஓட்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும்.

கேள்வி: இதே வழியில் நம்மவர் உழைத்த சுரங்கப் பகுதி ஏதேனும் உண்டா? – வாசகி, பீனிக்ஸ்

பதில்: உண்டு, ஆனால் அது தங்கமன்று, நிலக்கரி. லேடிஸ்மித்தைத் தாண்டி என்11 சாலையில் வரும் நியூகாசில் வட்டாரச் சுரங்கங்களில், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர் வேலை செய்தனர். 1913 அக்டோபரில், டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அவர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தில் இறக்கினர். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது விதிக்கப்பட்ட 3 பவுண்டு தலைவரியை எதிர்த்து, நவம்பர் 6 அன்று காந்தியுடன் சார்ல்ஸ்டவுனிலிருந்து புறப்பட்ட 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் ஃபோக்ஸ்ரஸ்டில் டிரான்ஸ்வால் எல்லையைக் கால்நடையாகக் கடந்தனர். நீங்கள் பைக்கில் போனால் அந்தத் தூரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சார்ல்ஸ்டவுனில் சற்று இறங்கி நடந்து பாருங்கள்.