நன்றாக நடப்பவர் ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி அட்டை) வைத்து மாற்றுத்திறனாளி பார்க்கிங்கில் நிறுத்தலாமா? (இங்கிலாந்து)

பேட்ஜ் அவருடையதாக இருந்து, அந்தப் பயணத்தில் அவரும் இருந்தால் தாராளமாக நிறுத்தலாம். வீல்சேர் இல்லையே என்று சந்தேகப்படாதீர்கள்.

பி.ஐ.பி. என்ற அரசு மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான மதிப்பீட்டில் நடமாட்டத்துக்கு 8 அல்லது அதற்கு மேல் புள்ளி பெற்றவருக்கு பேட்ஜ் பெறும் தகுதி தானாகவே உண்டு. 8 புள்ளி என்றால் 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர். காரிலிருந்து கடை வாசல்வரை அவர் சாதாரணமாக நடப்பதுதான் உங்களுக்குத் தெரியும். உள்ளே ட்ராலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பது தெரியாது. 2019 ஆகஸ்ட் 30 முதல் ஆட்டிசம், மறதி நோய் போன்ற வெளியே தெரியாத பாதிப்பு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்; உள்ளூர் கவுன்சில் மதிப்பிட்டு முடிவுசெய்யும். விண்ணப்பத்தில் “நடக்கச் சிரமம்” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எத்தனை மீட்டரில் நின்றுவிடுகிறார், மறுபடி நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது, வலி எங்கே என்று எழுதுங்கள்.

உண்மையான தவறு பெரும்பாலும் குடும்பத்துக்குள் நடக்கிறது. அம்மா வீட்டில் இருக்க, அம்மாவுக்கே மருந்து வாங்கப் போனாலும் அவர் பேட்ஜைப் பயன்படுத்தக் கூடாது. அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். பேட்ஜ் உடையவர் கூடவே வந்தும் காரைவிட்டு இறங்கப்போவதில்லை என்றால் வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

மாற்றுத்திறனாளி பார்க்கிங் இடத்தின் அருமை பக்கவாட்டில் உள்ள 1.2 மீட்டர் கோடுபோட்ட பட்டையில் இருக்கிறது. வீல்சேரில் வருபவர் கதவை முழுசாகத் திறந்து, நாற்காலிச் சட்டத்தை வெளியே எடுத்து, சக்கரங்களை மாட்டி, அதில் நகர்ந்து உட்கார வேண்டும். “ரெண்டே நிமிஷம்” என்று அங்கே ஒரு பைக்கை நிறுத்தினால் அவரால் இறங்க முடியாது. வெளியே போயிருந்தால் திரும்பி வந்து ஏறவும் முடியாது.

பேட்ஜ் இருந்தால் சாலையோர மஞ்சள் கோட்டில் 3 மணி நேரம்வரை காரை நிறுத்தலாம். வந்த நேரத்தைக் காட்டும் நீலக் கடிகார அட்டையை வைக்க மறந்தால் அபராதச் சீட்டு வரும். நடைபாதை விளிம்பில் குறுக்காக மஞ்சள் கீற்று இருந்தால் சரக்கு ஏற்றி இறக்கத் தடை என்று பொருள், அங்கே பேட்ஜ் செல்லாது.

விதியில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றுதான். இங்கிலாந்தில் பாதிப்பு 3 வருடமாவது நீடிக்கும் என்று காட்ட வேண்டும். கால் எலும்பு நொறுங்கி ஒன்றரை வருடம் ஊன்றுகோலோடு நடப்பவருக்குக் கிடைக்காது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் 12 மாதம் நீடிக்கும் பாதிப்புக்கே தற்காலிக பேட்ஜ் தருகிறார்கள். இங்கேயும் அதைக் கொண்டுவர வேண்டும்.