கண்மாய் மீன், கண்மாய் மண்

அன்புள்ள அண்ணா,

சித்திரையில் சாமி கும்பிட ஊருக்கு வந்தவன் இன்னும் கோவைக்குத் திரும்பவில்லை. எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம். கண்மாயில் மடைப் பள்ளத்தில் மட்டும்தான் தண்ணீர் கிடக்கிறது, கொக்கும் நாரையும் அங்கேதான். நுங்கு இறக்குகிறார்கள். தண்ணீர் வற்றிய உள்வாய்த் தரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வண்டல் அள்ள டிராக்டரும் டிப்பரும் வந்து போகின்றன.

இந்த வருடம் மீன்பிடித் திருவிழா வேண்டாம், மீனை ஏலம் விட்டு அந்தப் பணத்தில் மடையைச் சரிசெய்யலாம் என்கிறார்கள் இளைஞர்கள். வெளியூர்க்காரர்கள் மீனை அள்ளிப் போகிறார்கள், நமக்கு பாலிதீன் குப்பைதான் மிச்சம் என்பது அவர்கள் பேச்சு. பெரியவர்கள் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

நான் பெரியவர்கள் பக்கம்.

வெளியூர்க்காரர்கள் வருவது உண்மைதான். அவர்கள் கண்மாயில் திருவிழா நடக்கும்போது உங்கள் ஊரும்தானே மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறது? பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்குவதில் காரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கால்கள் கலக்கினால் சேறு மேலே வரும், மீன் மூச்சு முட்டி மேலே வரும். வலை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பழைய கொசுவலையை வைத்தே நாலு கெளுத்தி பிடித்துவிடும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு ராத்திரி இருப்பவர் வீட்டிலும் இல்லாதவர் வீட்டிலும் ஒரே குழம்பு. இதை எந்த ஏலத் தொகையால் ஈடுகட்டுவது?

ஏலம் ஒரு வருடத்தோடு நிற்காது என்பது இன்னொரு கவலை. பணம் போட்டவர் குஞ்சு விட்டு வளர்ப்பார், அவருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். கடைசித் தண்ணீருக்கு நெல் காத்திருக்கும்போது மடையைத் திறக்க அவரிடம் மல்லுக்கட்ட வேண்டிவரும். பல ஊர்களில் இந்தச் சண்டை நடக்கிறது. சாமி கும்பிடக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும் ஊர், மடைக்கும் போடலாம். குப்பைக்கு, பாலிதீன் பையோடு வந்தால் கண்மாயில் இறங்கக் கூடாது என்று திருவிழா அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, மீன் எப்படியும் திரும்பி வரும். சேற்றில் புதைந்து விரால் கோடையைத் தள்ளிவிடும். மழை பெய்தால் வரத்து வாய்க்காலில் கெண்டை ஏறி வரும். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. டிராக்டர் சரி, டிப்பர் எதற்கு?

வண்டல் அள்ளுவது நல்லதுதான். கண்மாய் ஆழமாகும், வயலுக்கு உரமும் ஆகும். 2024-ல் இதற்கான அனுமதியை வட்டாட்சியரே கொடுக்கலாம் என்று அரசு எளிதாக்கியது. மண்ணுக்குக் கட்டணம் இல்லை. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. இது விவசாயிக்கும் மண்பாண்டம் செய்பவருக்கும் கொடுத்த சலுகை. செங்கல் சூளைக்கும் வீட்டுமனை மேடாக்கவும் அல்ல.

வண்டல் மேலாகப் படிந்திருக்கும். அதைத் தாண்டித் தோண்டினால் தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிமண் படுகை கிழியும், மழைத் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே விழுந்த குழியில் தண்ணீர் நின்றாலும் அது வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலமிழக்கும். இதற்கெல்லாம் மேலே அந்தப் பையன்கள் இருக்கிறார்கள். இப்போது கிரிக்கெட் ஆடும் உள்வாயில், ஐப்பசியில் தண்ணீர் நிறைந்த பிறகு எங்கே முழங்கால் ஆழம், எங்கே குழி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மண் அள்ளிய குழிகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வருடா வருடம் வருகிறது. படிக்கும்போதெல்லாம் மனது ஆறுவதில்லை.

அதனால் கோவைக்குக் கிளம்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஏலம் கேட்கும் இளைஞர்களையே கூட்டிக்கொண்டு, அள்ளிய இடங்களைக் கயிறு போட்டு அளந்து பாருங்கள். யார் பெயரில் அனுமதி, எந்த இடத்தில், எத்தனை லோடு என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். மண் யார் வயலில் இறங்கியது என்பதையும் பாருங்கள், டிப்பர் சூளைக்கோ வீட்டுமனைக்கோ போனால் உடனே மனு கொடுங்கள். கரைக்கும் மடைக்கும் பக்கத்தில் விழுந்த குழிகளை மழைக்கு முன்னால் மூடச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். அளந்து பார்த்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்