12 வோல்ட் 12 வோல்ட்தான்

கேள்வி: கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் நாலு பேர் சேர்ந்து ஸ்லாட் கார் (பள்ளத்தின் வழியே மின்சாரத்தில் ஓடும் பொம்மை கார்) தடம் போட்டிருக்கிறோம். கம்பிச்சுருள் வைத்த பழைய கை கன்ட்ரோலர்தான். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வாங்கினால் காருக்கு பவர் ஏறும் என்கிறான் நண்பன். உண்மையா ஐயா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஒரு வோல்ட்கூட ஏறாது தம்பி. தடத்துக்கு வருவது 12 வோல்ட் என்றால், விசையை முழுக்க அமுக்கும்போது இரண்டும் அதைத்தான் கொடுக்கும். சில எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்களில் டிரான்சிஸ்டரே அதில் கொஞ்சம் விழுங்கிவிடும்.

வித்தியாசம் பாதி விசையில்தான். அங்கே உங்கள் பழைய கன்ட்ரோலரின் சுருள் 25 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் கிளம்பும்போது மோட்டார் 0.4 ஆம்பியர் இழுத்தால் சுருளிலேயே 10 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது 2. ஓட ஆரம்பித்து இழுவை 0.1-க்கு இறங்கினால் மோட்டாருக்கு 9.5 வோல்ட் கிடைக்கும். விரல் அசையவே இல்லை, பாருங்கள்! முதலில் திணறிய கார் வளைவில் பாய்ந்து வெளியே விழுவது இதனால்தான். கன்ட்ரோலர் கையைச் சுடுவதும் இதனால்தான்.

எலக்ட்ரானிக் வகையில் பல, மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் போட்டு அணைக்கும். விசையை அமுக்க அமுக்க, போட்டிருக்கும் நேரம் நீளும். எந்த மோட்டாரை மாட்டினாலும் விரலுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி அடங்கும். பிரேக்குக்கும் திருகு இருக்கும்: விசையை விட்டதும் மோட்டாரின் இரண்டு முனையும் தடம் வழியாக இணைந்து, அது டைனமோவாகித் தன்னைத்தானே நிறுத்துகிறது. எவ்வளவு கடுமையாக நிறுத்த வேண்டும் என்பதை அந்தத் திருகில் வைக்கலாம். நேரம் மிச்சமாவது வளைவில்தான், நேர்க்கோட்டில் இல்லை.

வாங்கினால் வயரைக் கவனியுங்கள். பொதுவாக வெள்ளைதான் மின்சாரம் வரும் வயர், கறுப்பு தடத்துக்கு, சிவப்பு பிரேக்குக்கு. முப்பது வருடம் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருந்த நான், சிவப்பைப் பார்த்ததும் பிளஸ் என்று மாட்டி, முதல் கன்ட்ரோலரை அன்றைக்கே புகைய விட்டேன். என் வீட்டுக்காரி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அதற்கு முன் ஒரு வேலை. கார் ஓடும்போதே தடத்தின் மறுகோடியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 என்பது 10 ஆகியிருந்தால், நண்பன் தேடும் பவர் அங்கேதான் தொலைகிறது. அந்த இடத்துக்குத் தனியாக வயர் இழுத்துக் கொடுங்கள். தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடிய காலத்தில் லயத்தின் கடைசி வீட்டு பல்ப் மங்கலாகத்தான் எரியும். அந்த வீடு எங்கள் வீடு.