ஏழு கல் வைரத் தோடு: பில் வேண்டாம் என்றால் லாபமா?

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். எங்களுக்குப் பழக்கமான நகைக்காரர் ஏழு கல் வைரத் தோட்டை 2,40,000 ரூபாய்க்குத் தருகிறார். பெரிய கடைகளில் 3 லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். "ஹால்மார்க் இருக்கு, பில் போடாவிட்டால் ஜிஎஸ்டி மிச்சம்" என்கிறார். சின்ன மெஷினை வைத்துக் காட்டினார். வைரம் என்றே காட்டியது. வாங்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: பில் இல்லாமல் வேண்டாம். நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். 2,40,000 ரூபாய்க்கு 7,200 ரூபாய். அதை மிச்சம் பிடித்தால், நாளைக்குக் கல்லில் வில்லங்கம் என்று போய் நிற்க உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. தவிர, கடைக்காரர் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றுக்கொள்வதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடையும் உண்டு.

ஹால்மார்க் பேசுவது தங்கத்தைப் பற்றி மட்டும்தான். நகையில் ஹெச்யுஐடி என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருக்கும்; அதை ஹால்மார்க் தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். தங்கத்தின் தரம் தெரிந்துவிடும். கல்லைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. வைர நகை பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில், அதாவது 750 முத்திரையோடு வரும். அதற்கு 22 காரட் விலை போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். இந்த ஏமாற்று கண்ணில் படுவதே இல்லை.

அந்த மெஷின் காட்டியதும் பொய்யில்லை. லேபில் வளர்த்த வைரமும் வைரம்தானே! சாதாரண டெஸ்டர் கல் வெப்பத்தைக் கடத்துகிறதா என்றுதான் பார்க்கும். பூமியில் விளைந்ததா, லேபில் சிவிடி என்ற முறையில் வளர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லைக்கூட வைரம் என்று சொல்லிவிடும். லேப் வைரம் வாங்குவதில் தப்பில்லை, அதன் விலை கொடுத்தால் சரி. இயற்கை வைரத்தைவிட அது பல மடங்கு மலிவு. 60,000 ரூபாய்க்கு மேலான வித்தியாசம் அங்கிருந்து வந்திருக்கலாம்; கல்லின் நிறமோ தரமோ குறைவாக இருந்தும் வந்திருக்கலாம். லேப் சோதனை இல்லாமல் சொல்ல முடியாது.

எனவே ஐஜிஐ போன்ற ஆய்வகத்தின் சான்றிதழ் கேளுங்கள். அதில் 'இயற்கை' என்று தெளிவாக இருக்க வேண்டும். சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். எடையும் கல் எண்ணிக்கையும் கையிலிருக்கும் தோட்டோடு ஒத்துப்போக வேண்டும். தோடு குளோஸ் செட்டிங் என்றால் கல்லின் அடிப்பக்கம் தெரியாது. அப்படியானால் கல்லைத் தோட்டில் கட்டுவதற்கு முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். "இது புளூ ஜாகர்மா" என்று, நீலச் சாயல் உள்ள உயர்ந்த வைரத்துக்கு வியாபாரிகள் வைத்த பெயரை வாயால் சொல்வதற்கெல்லாம் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் எடை. வைரத்துக்குக் காரட் என்பது எடை; தங்கத்தின் தரம் சொல்லும் காரட் வேறு. வைரத்தில் ஒரு காரட் 0.2 கிராம். ஜோடித் தோட்டின் 14 கல்லும் சேர்ந்து 1.5 காரட் என்றால் 0.3 கிராம். அதைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலையும் சேதாரமும். இன்னொன்று: தலா 10 சென்ட்டாக (100 சென்ட் ஒரு காரட்) பத்துக் கல் சேர்ந்து ஒரு காரட் ஆவதும், ஒரே கல் ஒரு காரட் இருப்பதும் விலையில் ஒன்றல்ல. ஒரு கல்லின் எடை என்ன என்று கேளுங்கள்.

பில்லில் நிகர எடை, தங்கத்தின் காரட், கல் எண்ணிக்கை, வைர எடை, நிறம், தரம், இயற்கையா லேபா, திரும்ப எடுக்கும் விகிதம் எல்லாம் இருக்கட்டும். பழக்கமானவர் என்பதால் கேட்கத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. "வீட்டுக்காரர் கேட்கச் சொன்னார்" என்று சொல்லிவிடுங்கள்! எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். பில்லோடு வாங்கிய பிறகு மோசடி தெரிந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு.