மெட்ரிக் முடித்த மகளுக்கு ஆபீஸ் வேலைப் பயிற்சி

கேள்வி: மகள் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேறிவிட்டாள், ஆபீஸ் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் மூன்றே மாதத்தில் சான்றிதழ், வேலையும் நிச்சயம் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள் அம்மா. வேலை நிச்சயம் என்று எந்தப் பயிற்சி நிலையமும் வாக்குக் கொடுக்க முடியாது. அந்தச் சான்றிதழ் தேசியத் தகுதிப் பட்டியலில் பதிவானதா என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டர்பனிலேயே தெக்வினி அரசு டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரி இருக்கிறதே, முதலில் அங்கே விசாரியுங்கள். இத்தகைய கல்லூரிகளில் மேனேஜ்மெண்ட் அசிஸ்டெண்ட் படிப்பு என்4, என்5, என்6 என்று மூன்று கட்டம், ஒவ்வொன்றும் ஆறு மாதம். கணினி, தட்டச்சு, அலுவலக நடைமுறை, கடிதப் போக்குவரத்து எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆனால் டிப்ளமோ கைக்கு வர, படிப்போடு 18 மாத வேலை அனுபவமும் காட்ட வேண்டும், பிள்ளைகள் பலர் திணறுவது இங்கேதான், அதனால் படிக்கும்போதே வக்கீல் ஆபீஸ், டாக்டர் கிளினிக், பள்ளி அலுவலகம் என்று கேட்டு வைக்கட்டும், கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் பணம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டாவிட்டால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையோடு வரும் லேர்னர்ஷிப் (வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பயிற்சி) விளம்பரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.