நின்றுபோன ஜீப்: ஸ்பேனருக்கு முன் ஆர்சி புத்தகம்

கேள்வி: என் மாமனார் ஓட்டிய 1990 மாடல் மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப், அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் மில் கொட்டகையில் 2014-லிருந்து நிற்கிறது. ஃபோர் வீல் டிரைவ் உள்ள வண்டி. மாமனார் தவறிவிட்டார், ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எஞ்சின் சுற்றவில்லை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை என்றாலும், வீட்டு முற்றத்தில் வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சரிபண்ண ஆசை. தெரிந்த புரோக்கர் ஒருவர், எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு பொலேரோ எஞ்சின் வைத்துத் தருகிறேன், பேப்பரையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? வேலையை எங்கே தொடங்குவது?

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் வைத்து வேலை பார்ப்பது தாராளமாக முடியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, சேஸ் என்கிற அடிச்சட்டகம் தனி, பாடி தனி. ஒரு போல்ட்டைக் கழற்றினால் அது எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று கண்ணுக்கே தெரியும். நீங்கள் எஞ்சினை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை ஆர்சி.

கணக்குப் பாருங்கள். 1990 வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். மாமனார் தவறாமல் புதுப்பித்து வந்திருந்தால்கூட 2015-ல் கெடு முடிந்திருக்கும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று விதி வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் என்று வைத்தால் 60,000 ரூபாய். ரோட்டையே பார்க்காமல் கொட்டகையில் கிடந்த வண்டிக்கு! இந்த விதியை எழுதியவர்கள் வீட்டில் பழைய வண்டி எதுவும் நின்றதில்லை போலிருக்கிறது. உங்கள் வண்டிக்கு எத்தனை மாதக் கணக்கு வருகிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். தொகையைக் கண்ணால் பார்த்த பிறகு ஸ்பேனரை வாங்கினால் போதும்.

அடுத்தது பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்தால் வாரிசுகள் 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டியிருப்பீர்கள். தாண்டாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாரும், மாமியார், மச்சினன், கொழுந்தியா உட்பட, சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு மச்சினன் "நீங்களே வச்சுக்கிடுங்க அத்தான்" என்பார். பெயிண்ட் அடித்து ஜீப் பளபளவென்று வாசலில் நிற்கும்போதும் அதே வார்த்தை வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். வண்டி துருப்பிடித்துக் கிடக்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய வண்டிகளின் விவரம் பல, கைப்பட எழுதிய பதிவேட்டில் இருக்கும், 'வாகன்' என்கிற அரசாங்க வண்டிப் பதிவுக் கம்ப்யூட்டரில் இருக்காது. முதலில் அதை ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். பதிவைப் புதுப்பித்தால்தான் பெயர் மாற்றம் என்று ஒரு மேஜையிலும், பெயர் மாற்றினால்தான் புதுப்பிப்பு என்று பக்கத்து மேஜையிலும் சொன்ன அலுவலகத்தை எனக்குத் தெரியும். போதாததற்கு, வண்டியை ஆய்வுக்கு நேரில் கொண்டுவர வேண்டும். பதிவு முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டவும் கூடாது. ரெக்கவரி லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான். அந்த வாடகையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அலைச்சலில்தான் புரோக்கருக்குப் பிழைப்பு. "அண்ணாச்சி, இந்த எஞ்சின் சவத்தை என்னத்துக்குப் போட்டு உருட்டுதிய? பேப்பரை நான் பாத்துக்கிடுதேன்" என்பார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன? பெரும்பாலும் உடைத்து விற்ற வேறொரு ஜீப்பின் ஆர்சியை எடுத்து, அதிலுள்ள எண்ணை உங்கள் சேஸில் அடிப்பது. அன்றோடு மாமனார் வண்டி சட்டப்படி செத்துப்போகும். நீங்கள் ஓட்டுவது எண் திருத்திய வண்டி. சோதனையில் பிடிபட்டால் கம்பி எண்ணப்போவது புரோக்கர் அல்ல, நீங்கள்தான். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் செய்தது என்று சொல்லி, ஆன்லைனில் படம் காட்டி விற்கும் ஜீப்புகளிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த ஊர்க் கைவேலை நல்ல வேலைதான். பேப்பர் எந்த வண்டியுடையது என்பதுதான் கேள்வி. இன்னொரு வகையாள், "15 வருஷம் தாண்டினா கவர்மெண்டே உடைச்சிரும், இப்பவே எடைக்குப் போட்ருங்க" என்று பயம் காட்டுவார். அது டெல்லி வட்டாரத்துச் சங்கதி. நம் ஊரில் ஆய்வில் தேறினால் சொந்த வண்டியைப் புதுப்பிக்கலாம். உங்களை எடைக்குப் போடச் சொல்கிறவர் எடைக்கு வாங்குகிறவருக்கு மச்சானாக இருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை இதுதான். சேஸ் சட்டகத்தில் எண் பொறித்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். கிரீஸும் மண்ணும் ஏறிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். கிரைண்டர், கம்பி பிரஷ், உப்புத்தாள் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்; துருவோடு எண்ணும் போய்விடும். சுத்தமானதும் மெல்லிய வெள்ளைத் தாளை மேலே ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். அதை ஆர்சியோடு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்பாருங்கள். எஞ்சின் எண்ணையும் அப்படியே பாருங்கள். 3-க்கும் 8-க்கும் சந்தேகம் வந்தால் அன்றே ஃபோட்டோ எடுத்து வையுங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

இனி பொலேரோ எஞ்சின். தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரியது இன்சூரன்ஸ். ஒருத்தர் மேல் இடித்துவிட்டால், "இந்த எஞ்சின் எங்கள் பாலிசியில் இல்லை" என்று கம்பெனி கைவிரிக்க நாமே வழி செய்து கொடுத்ததாகும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. பாதிப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் நிறுத்திச் சொல்கிறேன். எஞ்சின் எண் இருப்பது பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் உடம்பில். ஆகவே பிளாக் அதேதான் என்றால், உள்ளே பிஸ்டன், லைனர், கிராங்க், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டாலும், ஹெட்டையே மாற்றினாலும், சட்டத்தின் கண்ணில் அது பழைய எஞ்சின்தான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது என்றால் அப்போது என்ன? அதே தயாரிப்பு, அதே ரக எஞ்சினை வாங்கி வைக்கலாம். ஆனால் ஆர்டிஓவிடம் முதலில் அனுமதி கேட்டு, அப்புறம்தான் மாற்ற வேண்டும். வாங்கியதற்கு பில் வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். புது எண்ணை ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். காயலான் கடையில் பில் இல்லாமல் வாங்கிய எஞ்சின், அதே ரகமாகவே இருந்தாலும், திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். "அதே மஹிந்திராதானே, பொலேரோவும் அதே கம்பெனிதானே" என்று புரோக்கர் மடக்குவார். கம்பெனி ஒன்றாக இருந்தால் போதாது, ரகமும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்எம் 540-ல் வந்தது பெஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி வடிவமைத்த எக்ஸ்டிபி எஞ்சின், 2112 சிசி. பொலேரோவில் இருப்பது வேறு. விஷயம் அவ்வளவுதான்.

அந்த பெஜோ எஞ்சின் அப்படி லேசில் சாகிற சாதியும் அல்ல. சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் லைனரும் துருவில் ஒட்டியிருக்கும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். பிறகு முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு, அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே என்று அசைத்துப் பாருங்கள். மாதம் பிடித்தாலும் பொறுமையாக இருங்கள். டிராக்டரில் கயிறு கட்டி, மூன்றாவது கியரில் போட்டு இழுத்தால் விட்டுவிடும் என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். விட்டுவிடும்தான், கனெக்டிங் ராடு வளைந்துகொண்டு. அப்புறம் புரோக்கர் சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

சுற்ற ஆரம்பித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யத் தோன்றும். வேண்டாம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பத்து வருடச் சேறு கிடக்கும் டேங்கை விட்டுவிட்டு, தனி கேனில் புது டீசல் வைத்து டியூப் கொடுங்கள். காற்று உள்ளே போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டு கையில் இருக்கட்டும். நெடுநாள் நின்ற டீசல் பம்ப் சிக்கிக்கொண்டால் எஞ்சின் தறிகெட்டு ஏறும்; சாவியை அணைத்தால் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

புதிதாக வேலை பார்க்கிறவர்கள் ஜீப்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஆர்வத்தில்தான். ஒரே லீவில் முழுவதையும் கழற்றிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சாக்கு நிறைய போல்ட் இருக்கும், வண்டி இருக்காது. ஒரு நேரத்தில் ஒரு பகுதி. கழற்றுவதற்கு முன் ஃபோட்டோ, கழற்றிய போல்ட் அதே ஓட்டையில் கையால் திருகி. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்காதீர்கள். அது நொறுங்குவதற்கு முன் சத்தம் கொடுக்காது. இரும்புத் தாங்கி வாங்குங்கள்.

டிங்கரிங் வேலைக்கு அவசரம் வேண்டாம். துருப்பிடித்த தரைத்தகட்டின் மேலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்து, மேலே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத் தருவார்கள். இரண்டு மழைக்கு அழகாக இருக்கும். துருவை வெட்டி எடுத்துவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள், வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் வேலையை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கொட்டகைக்குள் தண்ணீர் வந்ததா என்று மில்லில் கேளுங்கள். அவர்கள் ஞாபகத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர் பாக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ், நாலின் வடி போல்ட்டையும் இளக்கிக் கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் வெறும் பழைய ஆயில். பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் எல்லாம் பார்க்க வேண்டும்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. இது டிரம் பிரேக். நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் அத்தனையும் உள்ளே துருப்பிடித்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், குழாய் எல்லாமே புதிது போடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கடைசியில் ஃபோர் வீல். இந்த வண்டியில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர் வீலைச் சேர்த்துவிட்டால் இரண்டு ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். அதனால் தார் ரோட்டில் சேர்க்கக் கூடாது. மணல், சேறு, மலைப்பாதை மண்ணுக்கு மட்டும். யாராவது இடையில் வேறு ஜீப்பின் ஆக்சிலை மாட்டியிருந்தால் பல் கணக்கு மாறி, டிரான்ஸ்பர் கேஸ் நொறுங்கும். சோதிப்பது சுலபம். லீவர்களை நியூட்ரலில் வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணுங்கள். முன்னாலும் அதே மாதிரி செய்யுங்கள். முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக வர வேண்டும். டயருக்கும் இதே கதைதான். முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புது டயரும் போட்டால் சுற்றளவு மாறி, ஃபோர் வீலில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு திணறும். இரண்டு டயருக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் பொறுத்திருந்து நாலையும் சேர்த்து வாங்குங்கள்.