கேளுங்கோ, சொல்லுறம்: ‘ஒண்டும் செய்யாது’ என்கிற நாயும் குளக்கட்டு நடையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்க் கடிதங்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*

அண்ணை, விடியப்புறம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டில் நடக்கப் போவேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம், கட்டாயம் நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். அங்கே ஒருவர் தன்னுடைய பெரிய நாயைக் காரிலிருந்து இறக்கி அப்படியே அவிழ்த்து விடுகிறார். போன கிழமை அது அம்மாவின் மேல் பாய்ந்து சேலையைப் பிடித்து இழுத்தது. கேட்டால் “ஒண்டும் செய்யாது, பயப்படாதேங்கோ” என்று சிரிக்கிறார். யாரிடம் முறையிடுவது?
வாசகி, வைரவபுளியங்குளம், வவுனியா

தங்கச்சி, அவருக்கு அது ஒன்றும் செய்யாதுதான், சோறு போடுகிறவர் அவர். அறுபது எழுபது வயது ஆளொருவர் கட்டின் சரிவில் கால் வழுக்கி விழுவதற்கு நாய் கடிக்கவே தேவையில்லை, பாய்ந்தாலே காணும். சீனி வருத்தக்காரருக்குக் காலில் ஒரு கீறல் விழுந்தால் அது ஆற எத்தனை நாள் எடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் அந்த மனிதரிடம் இன்னொரு தடவை, நாய் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதையுங்கள். அம்மாவை முன்னால் விட்டுவிட்டு நீங்கள் பின்னால் நின்று சத்தம் போடுகிற கதை சரிவராது, அவரும் பத்துப் பேருக்கு முன்னால் இறங்கி வரமாட்டார். “நாயைக் கொண்டு வாங்கோ, ஆனால் கட்டு முடியும் மட்டும் கயிற்றில் பிடியுங்கோ” என்று கேட்டால் பாதிப் பேர் கேட்பார்கள். மற்றப் பாதிக்குத்தான் சபை.

சபை என்றவுடன் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் குறையும். பூங்கா என்றால் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தமாக இருக்கும். குளக்கட்டு அப்படியில்லை. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு, சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, ஏ9 நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதை என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. நீங்கள் ஒரு இடத்துக்குக் கடிதம் கொடுக்க, அவர்கள் “இது எங்கட காணி இல்லை” என்று மற்ற இடத்தைக் காட்ட, நாய் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனபடியால் காணியைப் பற்றி எழுதாமல் நாயைப் பற்றி எழுதுங்கள். நாயைப் பதிவு செய்கிற பொறுப்பு, அது எந்தக் கட்டில் ஓடினாலும், உள்ளூராட்சி சபையுடையது. நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, வருடா வருடம் பதிய வேண்டும் என்பது அதில் உள்ள விதி. “இன்ன வீதியில் இன்ன வீட்டு நாய் பதியப்பட்டிருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறதா” என்று எழுத்தில் கேட்டால் சபை ஏதோ ஒரு பதில் தரத்தான் வேண்டும். ஒரு பிரதியை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுங்கள். பி.எச்.ஐ. ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டாலே சில வீடுகளில் அடுத்த நாள் நாய்க்குப் பட்டி வந்துவிடும்.

கடிதத்தில் திகதி, நேரம், இடம், நாயின் நிறம், வாகன இலக்கம் இருக்கட்டும். “நாய்த் தொல்லை தாங்க முடியவில்லை” என்று மட்டும் எழுதினால் அது அந்த மேசையிலேயே கிடக்கும். அதே கட்டில் நடக்கிற இன்னும் நாலைந்து பேரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

அதற்கும் அவர் மசியவில்லை என்றால் பொலிசில் ஒரு முறைப்பாடு. இப்படியான அயல் சண்டைகள் அனேகமாக இணக்க சபைக்குத்தான் போகும். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான சபை அது, வழக்கறிஞர் பிடிக்கத் தேவையில்லை. ஊரில் மதிப்பான மூன்று பேருக்கு முன்னால் இருந்து “இனி கயிற்றில் பிடிப்பன்” என்று கையெழுத்து வைத்தவர் அதை மீறுவது கொஞ்சம் கஷ்டம். என்னைக் கேட்டால், வன்னியில் தண்டப்பணத்தை விட இதற்குத்தான் ஆட்கள் கூடப் பயப்படுகிறார்கள்.

*

கட்டாக்காலி மாட்டைப் பிடித்து அடைத்து, சொந்தக்காரனிடம் தண்டம் வாங்குகிற பிரதேச சபைக்கு நாயைப் பிடிக்க மட்டும் ஏன் கை வராது?
வாசகர், திருநகர், கிளிநொச்சி

நல்ல கேள்வி. மாட்டுக்குச் சொந்தக்காரன் தேடி வருவான். குறி இருக்கும், விலை இருக்கும், வராவிட்டால் ஏலத்தில் போகும் என்ற பயமும் இருக்கும். நாயைப் பிடித்து அடைத்தால் யார் வருவார்? அன்றைக்கே “அது எங்கட நாய் இல்லை, சும்மா வந்து சோறு தின்னுறது” என்று சொல்லிவிடுவார்கள். பிறகு சபைதான் அதற்குச் சோறு போட வேண்டும். 2006 இலிருந்து அரசாங்கத்தின் கொள்கை நாய்களைக் கொல்வதில்லை என்பது, ஆகவே பழைய காலம் மாதிரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் முடித்துவிடவும் இயலாது. அப்படி முடிக்கச் சொல்லி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தெருவில் இருக்கிற நாயைக் கொன்றால் அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், ஊசி போட்ட நாயைக் கொன்று, ஊசி போடாத நாயை வரவழைத்ததுதான் மிச்சம்.

ஆகவே சபை முதலில் செய்ய வேண்டியது வீட்டு நாயை வீட்டு நாய் என்று அடையாளம் தெரிகிற மாதிரி ஆக்குவது. தடுப்பூசி முகாம் எப்படியும் பொதுநோக்கு மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ நடக்கிறது. அன்றைக்கே அந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டுப் பதிவையும் செய்து, இலக்கம் அடித்த தகடு ஒன்றைப் பட்டியில் கோத்துவிட்டால், பிறகு பூங்காவில் தனியே ஓடுகிற நாய் யாருடையது என்று ஊர் முழுக்க விசாரிக்கத் தேவையில்லை. கழுத்தில் தகடு இருந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும். தகடு இல்லை என்றால் ஊசி, கருத்தடை, பிறகு அதே இடத்தில் விடுவது. வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் ஒரே வழி தேடுவதால்தான் இத்தனை வருடமாக இரண்டும் நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

கயிற்று விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூங்காவில் பலகை நட்டால் மட்டும் விதி வந்துவிடாது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சபை கூடி உபவிதி நிறைவேற்றி, மாகாணத்தில் அங்கீகாரம் வாங்கி, வர்த்தமானியில் வர வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் உறுப்பினர்களே இல்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் காலம் முடிந்ததோடு சரி, ஆளுநர் பக்கமாகத்தான் போக வேண்டும். உங்கள் வட்டார உறுப்பினர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது வீதி விளக்கோடு இதையும் கேளுங்கள்.

*

நாங்கள் மாங்குளம், இப்போது ஸ்காபரோவில். லீவுக்கு வந்தால் விடிய நடக்கப் பயமாக இருக்கிறது. கனடாவில் நாயைக் கயிறில்லாமல் விட்டால் உடனே தண்டம். எங்கட சனம் எப்ப திருந்தும்?
வாசகர், ரொறன்ரோ

ஐயா, அங்கே சனம் திருந்திப் பிறந்ததாக நான் நினைக்கவில்லை. ரொறன்ரோ மாநகரச் சட்டத்தில் கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது, நாய்க்கு அனுமதித் தகடு வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் நாய் கடித்தால், கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லாமல் சொந்தக்காரர் நட்டஈடு கட்ட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அங்குள்ள பூங்காக்களில் அவிழ்த்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பூங்காவிலும் அதிகாரி நிற்க முடியாது, யாராவது முறையிட்டால்தான் வருவார்.

அங்கேயிருந்து எடுக்க வேண்டியது வேறொன்று. கயிறு கட்டாயம் என்று சொன்ன அதே நகரம், நாய் அவிழ்த்து ஓடுவதற்கென்று வேலி அடைத்த இடங்களையும் பூங்காக்களுக்குள் ஒதுக்கியிருக்கிறது. பெரிய நாய்க்கு ஓட்டம் வேண்டும், ஓட இடம் கொடுக்காமல் கட்டு கட்டு என்றால் ஆட்கள் ஒளித்து அவிழ்ப்பார்கள். காணிக்குப் பஞ்சமில்லாத வன்னியில் ஒரு மூலையை அடைப்பது பெரிய காரியமில்லை. ஊருக்கு உதவி செய்யக் காசு அனுப்புகிறவர்கள் இதையும் ஒருக்கால் யோசிக்கலாம்.

*

ரியூசனுக்கு இருட்டோடு சைக்கிளில் போகும்போது ஒரு வளவு நாய் கலைக்கிறது. என்ன செய்யட்டும்?
மாணவன், முள்ளியவளை

தம்பி, வேகமாக மிதிக்காதே. ஓடுகிறதைக் கலைப்பது அதன் குணம். காலைத் தூக்கி உதைக்கப் போனால் சைக்கிளோடு விழுவாய். வேகத்தைக் குறை, தேவையென்றால் இறங்கி, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு போ. கல்லெடுக்கிற மாதிரிக் குனிந்தால் எங்கள் ஊர் நாய்கள் அனேகமாகப் பின்வாங்கும், ஆனால் உண்மையாகவே எறியாதே, அடுத்த நாள் அது உன்னை ஞாபகம் வைத்திருக்கும். அந்த வளவுக்காரரிடம் நீ சொல்லாமல் அப்பாவையோ மாமாவையோ சொல்லச் சொல்லு.

கடித்துவிட்டால், சின்னப் பல் அடையாளம் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள் ஒன்றும் வேண்டாம். நேரே அரசாங்க ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். நாய் யாருடையது என்று தெரிந்தால் அதைக் கொல்ல விடாதே, இரண்டு கிழமை கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் திட்டு விழும் என்று மறைக்கிறதுதான் பெரிய ஆபத்து. விசர் நோய் (ரேபிஸ்) வெளியே தெரியத் தொடங்கினால் பிறகு வைத்தியம் இல்லை. 1973 இல் இலங்கையில் முந்நூறு பேருக்கு மேல் இதனால் செத்தார்கள், இப்போது அது இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருப்பது ஊசியால்தான்.

*

என்னுடைய நாய் பிறந்ததிலிருந்து கயிறு கண்டதில்லை. வயலில் பன்றிக்கும் குரங்குக்கும் அதுதான் காவல், ஆனை வந்தாலும் முதலில் குரைக்கிறது அது. பட்டணத்துச் சட்டத்தை எங்கள் தலையில் கட்டப் போகிறீர்களா?
விவசாயி, ஒட்டுசுட்டான்

இல்லை ஐயா. வயலிலும் வளவிலும் அது அவிழ்ந்தே நிற்கட்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போட்ட நாய்தான் கடைசியில் ஆளைக் கடிக்கிற நாயாக வருகிறது. தண்ணீரும் நிழலும் இல்லாமல் கட்டி வதைப்பதைத் தடுக்க 1907 இலேயே மிருகவதைச் சட்டம் வந்திருக்கிறது. நாங்கள் கேட்பது சந்தை, பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி, பூங்கா, ஆட்கள் நடக்கிற கட்டு, இந்த இடங்களுக்கு மட்டும். நீங்கள் சைக்கிளில் சந்திக்குப் போக அதுவும் பின்னால் ஓடி வருமே, அந்த நேரத்துக்குத்தான் கயிறு. ஆனை விஷயத்திலும் ஒரு கவனம்: குரைத்துக்கொண்டு முன்னால் போன நாய் பயந்து திரும்பி உங்களிடமே ஓடி வரும், ஆனையும் அதன் பின்னால் வரலாம். இரவில் காட்டோரம் நடக்கும்போது அதைக் கூட்டிக்கொண்டு போகாமல் விடுவது நல்லது.

வளர்ந்த நாயைக் கயிற்றுக்குப் பழக்கலாம். முதலில் பட்டியை மட்டும் போட்டு விடுங்கள், கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். சொறிந்து சொறிந்து இரண்டொரு நாளில் மறந்துவிடும். பிறகு சின்னக் கயிறொன்றைக் கோத்து வளவுக்குள் இழுபட விடுங்கள், சாப்பாடு வைக்கும்போது கயிற்றைக் கையில் பிடியுங்கள், பிறகு படலைக்கு வெளியே. மெல்லிய நைலோன் கயிறு வேண்டாம், நாய் ஒரு இழுவை இழுத்தால் உள்ளங்கைத் தோல் போய்விடும். கயிற்றைக் கையில் சுற்றவும் கூடாது, சைக்கிள் ஹாண்டிலில் முடியவே கூடாது. ஒருவர் அப்படி முடிந்துகொண்டு பரந்தன் சந்திப் பக்கம் போனதைப் பார்த்தேன், எதிரே பூனையொன்று குறுக்கிட்டிருந்தால் நாயும் அவரும் லொறிக்குக் கீழேதான்.

*

எங்கள் சனசமூக நிலையம் தானாகவே விளையாட்டு மைதானத்தில் “நாயைக் கட்டிக்கொண்டு வரவும், மீறினால் தண்டம்” என்று பலகை போடலாமா?
வாசகர், நெடுங்கேணி

முதல் பாதியைப் போடலாம், மைதானம் யாருடையதோ அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. தண்டம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அதை அறவிட உங்களுக்கு அதிகாரமில்லை. உபவிதி வந்தாலும் மீறினவரை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது சபைதான். அதற்குப் பதிலாகப் பலகையில் சபையின் தொலைபேசி இலக்கத்தையும் பி.எச்.ஐ. அலுவலக இலக்கத்தையும் எழுதுங்கள். நாயின் கழிவை அள்ளிப் புதைக்கச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு பந்தடிக்கிற மைதானம் அல்லவா. ஒரு மண்வெட்டியையும் அந்தப் பலகைக் காலோடு சங்கிலி போட்டு வையுங்கள்.